தேக்குப் பலகையில் ஆறு துளை

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ். வா, சாப்பிடு, குளி, படி, ஃபோனைக் கீழே வை. லண்டனிலேயே வளர்ந்த எனக்கும் சின்ன வயதில் தெரிந்த தமிழ் இதுதான். அதோடு கொஞ்சம் சமையல் தமிழ், கொஞ்சம் கோயில் தமிழ். ஒரு பொருளை எப்படிக் கழற்றுவது, எங்கே பிடிப்பது, எவ்வளவு இறுக்குவது என்று தமிழில் பேசவேண்டிய தேவையே வந்ததில்லை. இந்த மாதம் எழுத வந்தது ஒரு பழைய காரின் டாஷ்போர்டைப் பற்றி. குடும்பப் பக்கத்தில் கார் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வினைச்சொற்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்தக் காரால்தான்.

கார், 1978 ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் 1500. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை. பொனற்றும் இரண்டு பக்க மட்கார்ட்டும் ஒரே துண்டாக முன்னுக்குச் சாய்ந்து திறக்கும். அதனால் சின்னப் பிள்ளைகூட சில்லின்மேல் உட்கார்ந்தபடி எஞ்சினைப் பார்க்கலாம். டாஷ்போர்ட் என்பது ஒரு தட்டையான ஒட்டுப்பலகை. அதன்மேல் கடதாசி மாதிரி மெல்லிய வால்நட் மரத்தோல் ஒட்டி வார்னிஷ் பூசியிருப்பார்கள். இன்றைய காரில் ஏர்பேக், திரை, சென்சர் என்று கை வைக்கவே முடியாது. இதை ஒரு வாளும், துளை போடும் மெஷினும், ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் வீட்டிலேயே புதிதாகச் செய்யலாம். ஞாயிறு டியூஷனை மாற்றுவதுதான் எங்களுக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கார் பார்க்க இங்கிலாந்துக்காரர் மாதிரி இருந்தாலும் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஸ்பிட்ஃபயர் 1962 இல் வந்தபோது, ட்ரயம்ப் ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்கி, அதன்மேல் இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த உடம்பை ஏற்றினார்கள். அதே ஹெரால்ட்டை 1961 இலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்ட்டுக்கு இரண்டு கதவு. மாமி, மாமா, பிள்ளைகள், கூடை எல்லாம் ஏறவேண்டும் என்பதாலோ என்னவோ, சென்னையில் நான்கு கதவு வைத்தும் ஒன்று செய்தார்கள். மதுரைக்கார நண்பர் ஒருவர் எங்கள் காரின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க பெரியப்பா வண்டியாச்சே!" என்றார்.

என் அப்பாவுக்கு ஹெரால்ட் தெரியாது. அவருடையது ஒஸ்ரின் ஏ-40. சாவகச்சேரியில் அவருடைய ஐயா வாடகைக்கு ஓடிய கார். யாழ்ப்பாணத்தில் அந்த ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் எவ்வளவு காலம் ஓடின என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1990களில் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, ஸ்ராட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் இல்லாதபோது வேறு எதையாவது வெட்டி, ராவி, பொருத்தினார்கள். அந்த ஊரில் "ஒரிஜினலோ?" என்று எவரும் கேட்டதில்லை. ஓடுதோ, ஓடேல்லையோ. அவ்வளவுதான் கேள்வி.

இங்கே கதை வேறு. பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் டாஷ்போர்டை மாற்றப்போகிறேன் என்று சொன்னால், கோயில் மூலஸ்தானத்தில் கை வைத்த மாதிரிப் பார்ப்பார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் மொத்தம் மூன்று இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் வருடாவருடம் குறைந்துகொண்டு போகிறது. உங்கள் கார் அப்படி ஒன்றானால், தயவுசெய்து தொடாதீர்கள். எங்களுடையது அப்படியில்லை. மரத்தோல் வெயிலில் வெடித்து உரிந்துபோயிருந்தது. எப்போதோ ஒரு சொந்தக்காரர் கசற் பிளேயர் வைக்க நடுவில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்திருந்தார். இன்னொருவர் அந்த ஓட்டையைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடியிருந்தார். ஆகவே எங்கள் முறை வந்தபோது காப்பாற்ற அதிகம் இருக்கவில்லை. இருந்தாலும் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: காரின் இரும்பில் ஒரு புதுத் துளையும் போடுவதில்லை. பழைய பலகையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாயிற்று. நாளைக்கு மகளோ, வாங்குபவரோ விரும்பினால் ஒரு பின்னேரத்தில் அதைத் திரும்பப் பூட்டலாம்.

சட்டம் பற்றிப் பலர் பயப்படுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 வயது கடந்த கார் 'ஹிஸ்டாரிக்' வகுப்பில் பதிந்திருந்தால் வீதி வரி கட்டத் தேவையில்லை. 2018 மே மாதத்திலிருந்து இந்த வயதுக் கார்களுக்கு வருடாந்த எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை, பெரிய மாற்றம் செய்யாதவரை. பெரிய மாற்றம் என்று அவர்கள் பார்ப்பது அடிச்சட்டம், அச்சு, சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சின் போன்றவற்றை. டாஷ்போர்ட் அதில் வராது. 2023 ஆகஸ்ட் 29 இலிருந்து லண்டன் முழுவதும் விரிந்த யூலெஸ் கட்டணமும், அந்த நாளுக்குப் பன்னிரண்டரை பவுண்ட், ஹிஸ்டாரிக் வகுப்புக் கார்களுக்கு இல்லை. கட்டாயமில்லாவிட்டாலும் நான் வருடாவருடம் எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன். பிள்ளை ஏறும் காருக்கு இன்னொரு சோடிக் கண் பார்ப்பது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுதிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு கிளெய்ம் நேரத்தில் அழக்கூடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். சொந்தமாக டாஷ்போர்ட் செய்யும்போது முதலில் முடிவு செய்யவேண்டியது எத்தனை துளை என்பதுதான். மரம், நிறம் எல்லாம் பிறகு. கார் உங்களுக்கு எதையெல்லாம் சொல்லவேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கிறீர்கள். தொழிற்சாலை இந்தக் காருக்குக் கொடுத்தது நான்கு: வேகம், எஞ்சின் சுற்று, பெற்றோல், சூடு. எண்ணெய் அழுத்தத்துக்கு மீற்றர் இல்லை, ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். இந்த 1500 எஞ்சினின் பலவீனம் அடிப்பக்கத்து பேரிங். வேகமாக நீண்ட தூரம் ஓட்டினால் அதுதான் முதலில் தேயும். அந்த விளக்கு எரியும் நேரம் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். அதனால் எண்ணெய் அழுத்த மீற்றர் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னேன்.

அப்பா சிரித்தார். "மீற்றர் எதுக்குப் பிள்ளை? எஞ்சின் தானே சொல்லும். காது இருக்கெல்லே."

அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. ஐயாவின் ஏ-40 இல் மீற்றர் முள் எல்லாம் எப்பவோ செத்துப்போனவை. சத்தத்தை வைத்தும், மணத்தை வைத்தும், கால் சூட்டை வைத்தும்தான் ஓட்டினார்கள். இங்கே வந்த பிறகும் எங்கள் பழைய நிசானில் ஏறிய உடனேயே, "பெல்ற் தளர்ந்திருக்கு" என்பார். சரியாக இருக்கும்.

ஒரு ஞாயிறு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பதின்மூன்று வயது. "அம்மப்பா, டிக் டிக் எண்டு ஒண்டு கேக்குது, என்ன அது?" என்றாள். எனக்கும் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்தார். பொனற்றுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். காது மெஷினைக் கழற்றித் திரும்பப் போட்டார். பிறகு ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து அவளிடம் கொடுத்து, "இதின்ரை நுனியை அந்த மூடியில வை. பிடியைக் காதோட வை. இப்ப சொல்லு" என்றார். அவள் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டு, "இங்க கூட, இங்க குறைவு" என்று சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வால்வு இடைவெளிதான், பெரிய விஷயமில்லை. அதைச் சரிசெய்து முடித்துக் கை துடைக்கும்போது, "அந்த எண்ணெய் மீற்றரையும் போடுங்கோ" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆறாவது துளை மின்சாரத்துக்கு. பழைய கார்களில் அம்மீற்றர் வைப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் காரின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அதனூடாகப் போய்வரவேண்டும். தடித்த வயர் இரண்டு டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் வரும், எங்காவது உரசினால் நெருப்பு. வோல்ட் மீற்றருக்கு அந்த ஆபத்து குறைவு, பற்றரி சார்ஜ் ஆகிறதா என்பதையும் அதுவே சொல்லும். அதேபோல எண்ணெய் மீற்றரிலும் இரண்டு வகை. ஒன்றில் சூடான எண்ணெயே மெல்லிய குழாயில் உள்ளே வரும். மற்றது மின்சார வகை. பிள்ளையின் முழங்காலுக்கு மேலே கொதி எண்ணெய்க் குழாய் வேண்டாம் என்று இரண்டாவதை எடுத்தோம்.

மீற்றர்களைப் புதிதாக வாங்காமல் பழைய ஸ்மித்ஸ் மீற்றர்களையே தேடினோம். லண்டன்காரருக்கு அதில் ஒரு சுவை இருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் முகத்தில் 'ஸ்மித்ஸ்' என்று எழுதியிருக்குமே, அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை கிரிக்கில்வூட்டில், எட்ஜ்வெயர் வீதியில் இருந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய இடம். மணிக்கூடு செய்தவர்கள்தான் வேகமானியும் செய்தார்கள். வெம்பிளி, கிங்ஸ்பெரி, கொலிண்டேல் பக்கம் இருப்பவர்கள் எத்தனை தரம் அந்த வீதியால் போயிருப்போம். பழைய மீற்றர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்மித்ஸ் வேகமானியின் முகத்தில் கீழே சின்னதாக ஒரு எண் இருக்கும், 1000 அல்லது அதற்கு அண்மையில் ஏதாவது. ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை தரம் சுற்றும் என்ற கணக்கு அது. வேறு காரின் மீற்றரைப் பூட்டினால் அது பொய் வேகம் காட்டும். இருபது மைல் வேக எல்லை உள்ள வீதிகளில் அது விளையாட்டில்லை.

அந்த வேகமானியை மேசையில் வைத்து, பின்னால் கேபிள் செருகும் இடத்தை விரலால் சுழற்றினால் முள் எழும்பும். மகள் அரைமணி நேரம் அதையே செய்தாள். உள்ளே சுழல்வது ஒரு காந்தம். அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொடுவதில்லை. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், அதனால் நம்பவில்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் மின்னோட்டம் பிறக்கிறது, அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அதனால் கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது, மயிரிழைச் சுருள் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. இவ்வளவையும் நான் தமிழில் விளக்க முயன்று பாதியில் மூச்சு வாங்கினேன். அப்பா, "தொடாமலே இழுபடுது, அவ்வளவுதான்" என்றார்.

மரத்துக்கு வருகிறேன். வால்நட் என்பது இங்கத்தைய வழக்கம். "பலகை எண்டால் தேக்கு, இல்லையெண்டால் முதிரை" என்பது அப்பாவின் வழக்கம். முதிரை மரத்தோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை, தேக்கு கிடைத்தது. அடியில் நல்ல பேர்ச் ஒட்டுப்பலகை. பழைய பலகையை மேலே வைத்துப் பென்சிலால் கோடு கீறி வெட்டியது முதல் ஞாயிறு. சின்ன மீற்றர்களுக்கு 52 மில்லிமீற்றர் துளை, அதற்கு வட்டவாள் கிடைக்கும். பெரிய இரண்டுக்கும் இழைவாளால் கோட்டுக்கு உள்ளே அறுத்து, பிறகு அரத்தால் ராவி எடுத்தோம். தேக்கில் எண்ணெய்த் தன்மை அதிகம் என்பதால் ஒட்டுவதற்கு முன் அசிற்றோனில் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. பிறகு வார்னிஷ், காயவிடு, தேய், திரும்ப வார்னிஷ். ஆறு தரம். தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம், தேக்குத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது.

இங்கேதான் சொற்கள் வந்தன. அறு, ராவு, தேய், செருகு, நெம்பு, தளர்த்து, இறுக்கு. "முறுக்காதை குஞ்சு, இறுக்கு" என்று அப்பா சொன்னபோது அவள் நின்று யோசித்தாள். முறுக்கு என்றால் அவளுக்குத் தெரிந்தது தின்னும் முறுக்கு. அதைப் பிழிந்து சுற்றுவதைக் கையால் காட்டியதும் விளங்கிக்கொண்டாள்: ஆணி பிடித்த பிறகும் விடாமல் திருப்பினால் மரை போய்விடும். குறடு, அரம், உளி, வாள் எல்லாம் இரண்டாம் வாரத்தில் அவளுக்குச் சாதாரணமாகிவிட்டன. மதுரை நண்பர் வந்து "உப்புத்தாள் குடும்மா" என்று கை நீட்ட, அவள் சாண்ட்பேப்பரைத் தேடாமல் குசினிக்குப் போனது வேறு கதை.

அடுத்தது வயர். பிரிட்டிஷ் கார் மின்சாரம் என்றால் லூக்காஸ், லூக்காஸ் என்றால் 'இருளின் இளவரசன்' என்று இங்கே பகிடி விடுவார்கள். ஆனால் அந்த வயர்களின் நிற ஒழுங்கு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அருமையானது. மண்ணிறம் எப்போதும் உயிரோடு இருக்கும், ஃபியூஸும் இல்லை, அதனால் முதலில் பற்றரியைக் கழற்றாமல் எதையும் தொடக்கூடாது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறும். பச்சை, அதே ஆனால் ஃபியூஸுக்குப் பிறகு. கத்தரிப்பூ நிறம், ஃபியூஸோடு எப்போதும். சிவப்பு பக்க விளக்கு, நீலம் முன் விளக்கு. கறுப்பு ஏர்த். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து, துண்டு ரேப்பில் பெயர் எழுதி ஒட்டவேண்டும். எழுதும் வேலை மகளுக்கு.

கறுப்பு வயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. காரில் மின்சாரம் போக வயர் உண்டு, திரும்பி வருவது பெரும்பாலும் உடம்பின் இரும்பு வழியாக. இரும்பில் பூட்டிய மீற்றருக்கு அது தானாகக் கிடைக்கும். மரத்தில் கிடைக்காது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு மீற்றருக்கும், அதன் விளக்குக்கும் தனியாகக் கறுப்பு வயர் இழுக்கவேண்டும். முக்கியமாக வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சின்னப் பெட்டிக்கு. பற்றரியின் 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பிச் சராசரி 10 வோல்ட்டாக்கி, பெற்றோல் மீற்றருக்கும் சூட்டு மீற்றருக்கும் கொடுப்பது அதுதான். அதன் ஏர்த் தளர்ந்தால் முழு 12 வோல்ட்டும் போகும். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்க மீற்றர் கூடக் காட்டும், எஞ்சின் நல்லபடி இருக்க கொதிப்பதுபோல் காட்டும். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் உயர்ந்து நின்றால் எஞ்சினைச் சந்தேகிக்காமல் முதலில் இந்தப் பெட்டியைப் பாருங்கள்.

எல்லாம் பூட்டியபிறகு மகள் கேட்டாள், பெயர்களைத் தமிழில் போடலாமா என்று. விளையாட்டுப் போட்டிக் கோப்பைகளில் தமிழ் பொறித்துத் தரும் கடையில் சின்னப் பித்தளைத் தகடு செய்விக்கலாம். ஆனால் எந்தத் தமிழ்? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து அவள் எழுதிக்கொண்டு வந்தது 'எரிபொருள்', 'வெப்பநிலை'. அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆர் எரிபொருள் அடிக்கப் போறவை? பெற்றோல் எண்டு எழுது." 'வெப்பநிலை' மீற்றரின் அகலத்துக்குள் அடங்காது என்பதால் அதில் 'சூடு' தானாக வென்றது. பெற்றோலுக்கு இரண்டு ஞாயிறு வழக்கு நடந்தது. "பெற்றோல் தமிழ் இல்லையே அம்மப்பா" என்றாள் அவள். "நான் எழுபத்தாறு வருசமாத் தமிழிலதானே சொல்லுறன்" என்றார் அவர். நான் நடுவில் போகவில்லை. கடைசியில் வேகம், சுற்று, பெற்றோல், சூடு, எண்ணெய், மின் என்று ஆறு தகடு. எச்சரிக்கை விளக்குகளை மட்டும் அப்படியே விட்டோம். அவசரத்துக்கு வேறு எவராவது ஓட்டினால் அவருக்கும் விளங்கவேண்டும்.

பிள்ளையை ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. பழைய காரில் சீற் பெல்ற் இல்லையென்றால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றவே கூடாது, மூன்றுக்கு மேற்பட்டவர்களும் பின் இருக்கையில்தான் இருக்கலாம். இரண்டு இருக்கைக் காரில் பின் இருக்கை எங்கே? எங்கள் காரில் பெல்ற் இருக்கிறது, மகள் 135 சென்டிமீற்றரைத் தாண்டிவிட்டாள். அதற்குக் குறைந்த, பன்னிரண்டு வயதாகாத பிள்ளைக்கு சைல்ட் சீற் வேண்டும், அது அந்தக் காரில் ஒழுங்காகப் பூட்டுப்படுமா என்று முதலில் பாருங்கள். டாஷ்போர்ட்டின் விளிம்பில் இருந்த மெத்தைப் பட்டையை அழகுக்காகக் கழற்றிவிடாதீர்கள். பலகையின் கூர் விளிம்புகளை உருட்டித் தேயுங்கள். முழங்காலும் நெற்றியும் முதலில் போய் மோதும் இடம் அது.

இப்போது கார் ஓடுகிறது. அப்பா பக்கத்து இருக்கையில் ஏறினால் வீதியைப் பார்ப்பதில்லை, எண்ணெய் மீற்றரைத்தான் பார்க்கிறார். ஒரு தகடு மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சோக் இழுக்கும் குமிழ். மகள் அகராதி பார்த்து ஏதோ நீளமாகக் கொண்டுவந்தாள், அதைக் கேட்டு அவளே சிரித்துவிட்டாள். அப்பா சொல்வது 'சோக்கு'. மதுரை நண்பருடைய பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்டோம், அவரும் 'சோக்கு'தானாம். தகட்டில் இடம் நான்கு எழுத்துக்கு. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் எவராவது பழைய கார் ஓட்டியிருந்தால் கேட்டு எழுதுங்கள்.